குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடி வியர்ப்பது ஏன், தடுப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலக் காலையில் திரைச்சீலையை விலக்கினால் கண்ணாடி முழுக்க முத்துமுத்தாகத் தண்ணீர். கீழே வழிந்து ரப்பர் பட்டையில் தேங்கி, மரச்சட்டத்தை ஊறவைத்துக்கொண்டிருக்கும். துணி எடுத்துத் துடைக்கிறோம். மறுநாளும் அதே கதை. இரண்டு குளிர்காலம் நானும் இப்படித் துடைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது வருடம்தான் துடைப்பதை விட்டுவிட்டு, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் தெரிந்துகொண்டதை, பலரும் கேட்கிற கேள்விகளுக்குப் பதிலாக இங்கே எழுதியிருக்கிறேன்.

கண்ணாடியில் இருக்கும் தண்ணீர் வெளியிலிருந்து கசிகிறதா?

பெரும்பாலும் இல்லை. உள்பக்கம் ஒரே சீராக ஈரம் படிந்திருந்தால் அது உங்கள் வீட்டுக் காற்றில் இருந்த நீராவிதான். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. டம்ளர் ஓட்டை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஜன்னல் என்று வந்தால் உடனே ஜன்னலைச் சந்தேகப்படுகிறோம்.

கசிவா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மழை பெய்யாத, நன்றாகக் குளிர்ந்த இரவுக்கு அடுத்த காலையில் பாருங்கள். அப்போதும் கண்ணாடி நனைந்திருந்தால் அது வீட்டு ஆவி. மழைக்குப் பிறகு மட்டும், அதுவும் சட்டத்தின் ஓர் ஓரத்தில் மட்டும் ஈரம் தெரிந்தால் அது கசிவு. அதற்கு வைத்தியம் வேறு.

பனிநிலை என்கிறார்களே, அது என்ன?

காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக நீராவியைத் தாங்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 17 கிராம் ஆவி இருக்கலாம். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம். 0 டிகிரியில் 5 கிராம்கூட இல்லை. சூடான காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொடும்போது அந்த இடத்தில் மட்டும் குளிர்ந்துபோகிறது. தாங்க முடியாத மிச்ச ஆவி தண்ணீராகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. எந்த வெப்பநிலையில் இப்படி ஆரம்பிக்கிறதோ அதுதான் பனிநிலை.

அறை 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 9 டிகிரி. ஈரப்பதம் 60 சதவீதம் ஆனால் பனிநிலை 12 டிகிரிக்கு ஏறிவிடும். 40 சதவீதம் என்றால் 6 டிகிரி. கண்ணாடியின் உள்பக்கம் இந்த எண்ணுக்குக் கீழே போகாதவரை ஒரு துளிகூடப் படியாது. ஆக நம் கையில் இருப்பது இரண்டே வழி: காற்றில் ஆவியைக் குறைக்கலாம், அல்லது கண்ணாடியைக் கொஞ்சம் சூடாக வைத்துக்கொள்ளலாம். முதல் வழிக்குச் செலவே இல்லை என்பதால் எப்போதும் அதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் கொட்டவில்லையே. இவ்வளவு ஈரம் எங்கிருந்து வரும்?

நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. வீட்டுக்கு வீடு இது கூடும், குறையும். ஆனால் லிட்டர் கணக்கில்தான் பேசுகிறோம் என்பது முக்கியம். மூச்சு, வியர்வை, குளியல், சமையல், பாத்திரம் கழுவுவது, தரை துடைப்பது, உள்ளே உலர்த்தும் துணி என்று எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. செடிக்கு ஊற்றும் தண்ணீரில் மிகப் பெரும்பகுதி இலை வழியாகவும் மண் வழியாகவும் காற்றுக்கே வந்துவிடுகிறது. மூடியில்லாத மீன் தொட்டியில் வாரம் தோறும் நீர்மட்டம் இறங்குகிறதா? அதுவும் வீட்டுக்குள்தான் எங்கோ இருக்கிறது.

பலரும் கணக்கில் எடுக்காதது தூக்கம். தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு 40 கிராம் அளவுக்கு நீரை வெளியேற்றுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்றால் 600 கிராமுக்கு மேல். இப்போது அறையைப் பாருங்கள். 12 சதுர மீட்டர் அறை, இரண்டரை மீட்டர் உயரம் என்றால் உள்ளே 30 கன மீட்டர் காற்று. 20 டிகிரியில் அந்தக் காற்று மொத்தமாகத் தாங்கக்கூடியதே அரை லிட்டர் சொச்சம் ஆவிதான். அதில் பாதி நீங்கள் படுக்கப் போகும்போதே இருக்கிறது. மீதி இடத்துக்கு 600 கிராம் எப்படிப் போகும்? கொஞ்சம் இடுக்கு வழியாக வெளியே போகிறது, கொஞ்சத்தை மெத்தையும் சுவரும் வாங்கிக்கொள்கின்றன, மிச்சம் கண்ணாடிக்கு வருகிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் ஜன்னலைக் குறை சொல்வதை நான் நிறுத்தினேன்.

ஈரப்பதம் எவ்வளவு இருந்தால் நல்லது? எப்படி அளப்பது?

குளிர்காலத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை நல்லது. வெளியே குளிர் கூடக் கூட உள்ளே ஈரப்பதத்தைக் குறைக்க வேண்டும். மைனஸ் 10 டிகிரி போகும் இடங்களில் 35 சதவீதம், மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போனால் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஈரப்பதத்தைக் கூட்டும் கருவி வைத்திருப்பவர்கள் கடுங்குளிர் நாட்களில் அதைக் குறைத்தே ஆக வேண்டும். ஒரே அளவில் குளிர்காலம் முழுக்க ஓடவிட்டால் ஜன்னல் நனையத்தான் செய்யும். அதேசமயம் 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநாள் இருந்தால் தொண்டையும் தோலும் வறண்டுபோகும். அதனால் துளிகூட ஈரமே வேண்டாம் என்று விரட்டவும் கூடாது.

அளப்பதற்கு ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி போதும். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வாங்கியே தீர வேண்டும் என்று சொல்லும் ஒரே பொருள் அதுதான். அது இல்லாமல் செய்வதெல்லாம் இருட்டில் தடவுவதுதான். மலிவான கருவிகள் ஐந்து சதவீதம் முன்பின் காட்டும். சரிபார்க்க வழி இருக்கிறது: ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் கருவியையும் காற்றுப் போகாத பையில் வைத்து மூடி, ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் கருவி ஐந்து குறைவாகக் காட்டுகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் சரி.

கருவியைப் படுக்கையறையில், கண்ணாடியிலிருந்து தள்ளி, ஹீட்டரிலிருந்தும் தள்ளி வையுங்கள். தூங்கப் போகும்போதும் எழுந்ததும் பார்த்துக் குறித்து வாருங்கள். ஒரு வாரத்தில் உங்கள் வீட்டின் பழக்கம் தெரிந்துவிடும்.

வெளியே மழையும் மூடுபனியுமாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் இன்னும் ஈரம் உள்ளே வராதா?

வராது. இதைத்தான் யாரும் நம்ப மறுக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

வெளியே 5 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் ஊறிப்போன காற்று போலத் தோன்றும். ஆனால் 5 டிகிரிக் காற்றால் கன மீட்டருக்கு 7 கிராம் ஆவிகூடத் தாங்க முடியாது. அதனால் அதில் இருப்பது ஆறரை கிராம் அளவுதான். உங்கள் அறையிலோ 20 டிகிரி, 60 சதவீதம். அதில் 10 கிராமுக்கு மேல் இருக்கிறது. எது ஈரமான காற்று? உள்ளே இருப்பதுதான். வெளிக்காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 35 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். பிழிந்த பஞ்சு மாதிரி, வீட்டில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளத் தயாராக நிற்கும்.

சதவீதம் என்பது அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு என்ற கணக்கு. உள்ளேயும் வெளியேயும் வேறு வேறு வெப்பநிலை இருக்கும்போது இரண்டு சதவீதத்தை நேருக்கு நேர் ஒப்பிட்டால் தப்பாகத்தான் முடியும். வெளியே கடுங்குளிர் என்றால் அந்தக் காற்று கிட்டத்தட்ட உலர்ந்த காற்றேதான். மழை நாளில் சாரல் உள்ளே அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வெளியே சூடும் ஈரமும் சேர்ந்த நாட்களில் மட்டும் இது பொருந்தாது. அந்த மாதிரி நாளில் கண்ணாடியும் குளிர்ந்திருக்காது.

எவ்வளவு நேரம் திறக்க வேண்டும்? வீடு குளிர்ந்துபோகாதா?

எதிரெதிர் பக்கம் உள்ள இரண்டு ஜன்னல்களை அகலமாகத் திறந்து, ஐந்து நிமிடம். காற்று குறுக்கே ஓடினால் அதற்குள் அறைக்காற்று மொத்தமாக மாறிவிடும். ஒரு பக்கம் மட்டும்தான் ஜன்னல் என்றால் பத்து நிமிடம். காலையில் எழுந்ததும் ஒருமுறை, இரவு படுக்கப் போகும் முன் ஒருமுறை, சமையலும் குளியலும் முடிந்ததும் ஒருமுறை.

குளிர்ந்துபோகும் என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் கணக்குப் பார்த்தால் அது அவ்வளவு பெரிதில்லை. 30 கன மீட்டர் காற்றை 5 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குச் சூடாக்க ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுதான் ஆகும். வீட்டின் சூடு பெரும்பாலும் காற்றில் இல்லை; சுவரிலும் தரையிலும் தளவாடங்களிலும் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் அவை குளிர்ந்துவிடாது. ஜன்னலை மூடிய கொஞ்ச நேரத்தில் அறை பழைய நிலைக்கு வந்துவிடுவதை நீங்களே உணரலாம்.

தவிர்க்க வேண்டியது, ஜன்னலை விரலளவு திறந்து நாள் முழுக்க விட்டுவிடுவது. காற்று சரியாக மாறாது. ஆனால் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் ஓரம் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டே போகும். அப்புறம் கண்ணாடியோடு சுவரும் சேர்ந்து வியர்க்கும், ஓதம் ஏறும், பூஞ்சை பிடிக்கும். சட்டத்தின் மேல்பக்கம் சிறிய காற்றுத்துளை வைத்த ஜன்னல்கள் உண்டு. அவை வேறு, எப்போதும் திறந்திருக்கவே செய்யப்பட்டவை. குளிர் வருகிறது என்று அவற்றை டேப் போட்டு ஒட்டிவிடுபவர்கள் தங்கள் ஜன்னலைத் தாங்களே நனைக்கிறார்கள்.

மற்ற அறைகளில் பரவாயில்லை, படுக்கையறையில் மட்டும் ஏன் இவ்வளவு?

மேலே சொன்ன மூச்சுக் கணக்கு ஒன்று. அதோடு நாம் படுக்கையறையைத்தான் குளிர்ச்சியாக வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறோம், கனமான திரையையும் இழுத்துவிடுகிறோம். மூன்றும் சேர்ந்தால் ஜன்னல் எப்படித் தப்பிக்கும்?

பலர் செய்யும் இன்னொரு தவறு: பகலெல்லாம் படுக்கையறையில் ஹீட்டரை அணைத்து வைத்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து கூடத்துச் சூட்டை உள்ளே விடுவது. சூடு வருகிறதோ இல்லையோ, கூடத்தில் சேர்ந்த ஆவி முழுக்க வந்துவிடும். குளிர்ந்து கிடக்கும் கண்ணாடி அதற்காகவே காத்திருந்த மாதிரி வாங்கிக்கொள்ளும். குளிர்ந்த அறையை அதன் சொந்த ஹீட்டரால் சூடாக்குங்கள், அல்லது கதவைச் சாத்தியே வையுங்கள்.

தூங்கும்போது படுக்கையறைக் கதவைச் சற்றே திறந்து வைப்பது, வீட்டின் மற்ற பகுதியும் ஏறத்தாழ அதே சூட்டில் இருந்தால், நல்ல பலன் தரும். மூச்சிலிருந்து வரும் ஆவிக்குப் பரவ இடம் கிடைக்கிறது. எழுந்தவுடன் போர்வையை மடித்து மெத்தையை மூடிவிடாதீர்கள். விரித்துப் போட்டு, ஜன்னலைத் திறந்து, கால் மணி நேரம் காற்றாட விடுங்கள்.

குளியலறைக்கும் சமையலறைக்கும் என்ன செய்வது?

ஆவியை அது பிறந்த இடத்திலேயே பிடித்து வெளியே தள்ளுவதுதான். குளிக்கும்போது கதவு மூடியிருக்கட்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். குளித்து முடித்த பின்னும் 20 நிமிடம் அது ஓட வேண்டும். விளக்கை அணைத்தால் ஃபேனும் நின்றுவிடும்படி வயரிங் செய்திருந்தால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தக் கடைசி 20 நிமிடம்தான் முக்கியம். சுவரிலும் தரையிலும் நிற்கும் தண்ணீரை வைப்பரால் இழுத்துவிட்டால் ஆவியாக மிச்சமிருப்பதே குறைவு.

ஃபேன் உண்மையில் இழுக்கிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூ காகிதத்தை அதன் கம்பிவலை மேல் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் தூசி அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று வர வழியில்லை. கதவின் அடியில் விரலளவு இடைவெளி அவசியம்.

சமையலறையில் மூடி போட்டுச் சமைப்பதே பாதி வேலையை முடித்துவிடும். அடுப்புக்கு மேல் சிம்னி வைத்திருப்பவர்கள் அதன் குழாய் வெளியே போகிறதா என்று ஒருமுறை பாருங்கள். வடிகட்டி வழியாகக் காற்றைத் திரும்ப அறைக்கே விடும் வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், வாடையைக் குறைக்கும். ஆவியை ஒன்றும் செய்யாது.

துணியை உள்ளே காயப்போடாமல் முடியாது. வேறு வழி உண்டா?

ஒரு மெஷின் துணியில், பிழிந்த பிறகும், 2 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அத்தனையும் வீட்டுக் காற்றுக்குத்தான் போகும். என் வீட்டில் நான் கண்டுபிடித்த குற்றவாளியும் இதுதான். துணி ஸ்டாண்டு இருந்ததோ அடுத்த அறையில். நனைந்ததோ படுக்கையறை ஜன்னல். நடுவில் ஒரு கதவு இருந்ததால் இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. ஈரப்பதமானி வாங்கிய முதல் வாரம், துணி காயப்போட்ட நாட்களில் மட்டும் எண் 68, 70 என்று போவதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

இப்போது செய்வது இது: மெஷினில் கடைசியாக ஒருமுறை அதிவேகத்தில் கூடுதலாகப் பிழிய விடுகிறேன். ஸ்டாண்டைக் குளியலறைக்குள் வைத்து, கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுகிறேன். துணிகளுக்கு நடுவே கையளவு இடைவெளி விட்டால் சீக்கிரம் காய்கிறது. குளியலறை சின்னது என்பவர்கள் ஒரு சிறிய அறையை ஒதுக்கி, கதவைச் சாத்தி, அங்கே ஜன்னலை அவ்வப்போது அகலமாகத் திறக்கலாம். ரேடியேட்டர் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடு) மேல் ஈரத்துணி போடுவது மட்டும் வேண்டாம். அது ஆவியையும் கூட்டும், அறைக்கு வர வேண்டிய சூட்டையும் மறிக்கும்.

ஹீட்டரைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடுமா?

ஓரளவுக்கு. கண்ணாடி சற்றுச் சூடாகும், காற்று அதிக ஆவியைத் தாங்கும். ஆனால் ஆவி வெளியே போகவில்லையே? ஹீட்டரை அணைத்ததும் திரும்ப வந்து படியும். சூடும் காற்றோட்டமும் சேர்ந்தால்தான் பலன். மாலையில் கொளுத்திவிட்டு இரவில் முழுக்க அணைப்பதைவிட, மிதமான சூட்டை ஒரே சீராக வைப்பது ஜன்னலுக்கு நல்லது.

எந்த ஹீட்டர் என்பதும் முக்கியம். மின்சார ஹீட்டர் காற்றில் ஆவி சேர்க்காது. புகைக்குழாய் இல்லாமல் அறைக்குள்ளேயே எரியும் எரிவாயு ஹீட்டர் ஒரு கிலோ எல்பிஜி எரித்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீரைக் காற்றில் கலக்கிறது. மண்ணெண்ணெய் ஹீட்டரும் அப்படித்தான். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் வரும். எரிபொருளில் உள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது, வேறொன்றுமில்லை. அந்த அறையில் கண்ணாடி நனைவதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. அப்படிப்பட்ட ஹீட்டரை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தயவுசெய்து தூங்காதீர்கள். எரியும் கருவி இருக்கும் அறையில் காற்று வரும் துளை எதையும் அடைக்கவும் வேண்டாம்.

கனமான திரைச்சீலை போட்டால் குளிர் தடுபடும், ஜன்னலும் நனையாது என்கிறார்களே?

அறைக்குள் குளிர் குறையும், உண்மைதான். ஆனால் கண்ணாடிக்கு வர வேண்டிய சூட்டையும் திரை மறித்துவிடுகிறது. ஆவியோ துணி வழியாகவும் ஓரங்கள் வழியாகவும் போய்விடும். விளைவு, திரைக்குப் பின்னால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து, இன்னும் நனையும். திரை போடாதீர்கள் என்று சொல்லவில்லை. கண்ணாடியில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளித் தொங்கட்டும், ஈரத்தில் படும்படி நீளமாக இருக்க வேண்டாம், விடிந்ததும் முழுக்க விலக்கிவிடுங்கள். ரேடியேட்டரை ஜன்னலுக்குக் கீழே வைப்பதே கண்ணாடிமேல் சூடான காற்று ஏறட்டும் என்றுதான். திரை அதற்கு முன்னால் தொங்கினால் சூடு முழுக்கத் திரைக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். சோபாவை ஒட்டிப் போட்டாலும் காற்று ஏற வழி இருக்காது.

காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையர் கருவி வாங்கலாமா? ஈரம் உறிஞ்சும் உப்பு டப்பா போதுமா?

காற்றோட்டத்தைச் சரிசெய்த பிறகும் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை என்றால் வாங்கலாம். வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் உறிஞ்சும் என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்தது. உங்கள் குளிர்கால அறையில் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். கம்ப்ரசர் வகை 15 டிகிரிக்குக் கீழே சோர்ந்துவிடும். சூடில்லாத அறைக்கு, உள்ளே சுழலும் உறிஞ்சு சக்கரம் வைத்த வகைதான் ஏற்றது. மின்சாரம் அதிகம் எடுக்கும், கொஞ்சம் சூடான காற்றையும் விடும். எதுவானாலும் ஓடும்போது அறைக் கதவும் ஜன்னலும் மூடியிருக்க வேண்டும்.

உப்பு டப்பாவில் இருப்பது கால்சியம் குளோரைடு. அலமாரிக்குள், மூடிய சிறிய இடத்தில், அது வேலை செய்யும். தினமும் பல லிட்டர் ஆவி சேரும் வீட்டுக்கு வாரத்தில் ஒரு டம்ளர் பிடிக்கும் டப்பா எந்த மூலைக்கு? அதில் சேரும் நீர் தோலை அரிக்கும், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

இரட்டைக் கண்ணாடி போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் 5 டிகிரி அளவில்தான் இருக்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடியில் அது 12, 13 டிகிரி. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சும் நடுவில் ஆர்கான் வாயுவும் உள்ள நல்ல இரட்டைக் கண்ணாடியில் 17 டிகிரிக்குப் பக்கம் வரும். மேலே சொன்ன பனிநிலையோடு வைத்துப் பாருங்கள். ஒற்றைக் கண்ணாடி வீட்டில் ஈரப்பதம் 40 சதவீதம் இருந்தாலும் அந்த இரவில் நனையத்தான் செய்யும். நல்ல இரட்டைக் கண்ணாடி 70 சதவீதம்கூடத் தாங்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய ஜன்னலின் இடுக்குகள் வழியாகக் காற்று போய்வந்துகொண்டிருந்தது. புது ஜன்னல் இறுக்கமாக மூடும். காற்றோட்டத்துக்கு வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் வீட்டுக்குள் ஈரம் ஏறி, கண்ணாடியை விட்டுவிட்டுச் சுவர் மூலையில் போய்ப் படியும். கண்ணாடியில் படிந்தால் கண்ணுக்குத் தெரியும். அலமாரிக்குப் பின்னால் படிந்தால் பூஞ்சை வாடை வரும்வரை தெரியாது. சட்டமும் பார்க்க வேண்டும். நடுவில் வெப்பத்தடை இல்லாத அலுமினியச் சட்டம் கண்ணாடியைவிட முன்னதாகவே வியர்க்கும்.

ஜன்னலை மாற்ற முடியாதவர்களுக்கும், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், சட்டத்தின் உள்பக்கம் ஒட்டி ஹேர் டிரையரால் சூடுகாட்டி இழுத்துப் பிடிக்கவைக்கும் பிளாஸ்டிக் தாள் உண்மையிலேயே உதவும். உலர்ந்த நாளில், சட்டத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து ஒட்டுங்கள். நாலு பக்கமும் இடைவெளியே இல்லாமல் ஒட்ட வேண்டும். சின்ன ஓட்டை இருந்தாலும் ஆவி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். எல்லா ஜன்னலுக்கும் ஒட்டிவிடாதீர்கள். திறப்பதற்குச் சிலவற்றை விட்டுவையுங்கள்.

இரட்டைக் கண்ணாடியின் நடுவில் மங்கலாக இருக்கிறது. துடைக்க வழியில்லையே?

ஓரத்து ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவிலுள்ள பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். அவையும் நிரம்பிய பிறகுதான் மங்கல் தெரியும். வீட்டு ஈரத்தைக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. ஆனால் ஜன்னல் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வெளிப்பக்கம் நனைந்திருக்கிறதே?

நல்ல அறிகுறி. உங்கள் சூடு வெளியே போகாததால் வெளிக்கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. தெளிந்த வானம் உள்ள இரவில் அது இன்னும் குளிரும், புல்லில் பனி படிவது போலக் கண்ணாடியிலும் படியும். வெயில் ஏறியதும் போய்விடும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

சட்டத்தின் ஓரத்தில் கருப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. என்ன செய்வது?

பூஞ்சை. ரப்பர் பட்டையில் மிளகைத் தூவியது போல முதலில் தெரியும். குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் காற்றில் பறக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பட்டையின் மடிப்புக்குள் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து ஓட்டலாம். கறை போகவில்லை என்றால் நீர்த்த பிளீச் உதவும்; ஆனால் அதை அமோனியா உள்ள திரவத்தோடோ, கழிவறை கழுவும் அமிலத்தோடோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். துடைத்து முடித்ததும் அந்த இடம் நன்றாகக் காய வேண்டும். சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் அனுபவமுள்ள ஆட்களிடம் விடுவதே நல்லது.

கண்ணாடியில் சோப்பு தடவினால் நனையாது என்கிறார்கள்.

நனையும், ஆனால் தெரியாது. சோப்பும் மங்கல் எதிர்ப்புத் திரவங்களும் துளியாக நிற்க வேண்டிய நீரை மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகின்றன. பார்வைக்குத் தெளிவாக இருக்கும். தண்ணீர் அதே அளவு வழிந்து சட்டத்துக்குத்தான் போகும்.

புதிதாகக் கட்டிய வீடு, ஆனாலும் எல்லா ஜன்னலும் நனைகிறது.

கான்கிரீட்டிலும் பூச்சிலும் கலந்த தண்ணீர் முழுக்க வெளியேற ஒன்று முதல் இரண்டு வருடம் ஆகும். முதல் இரண்டு குளிர்காலம் வழக்கத்தைவிட அதிகமாகக் காற்றாட விடுங்கள். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடாமல் கையளவு தள்ளி வையுங்கள்.

எல்லாம் செய்தும் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் கொஞ்சம் ஈரம் நிற்கிறது.

குளிர்ந்த காற்று கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்குவதாலும், ஓரத்துப் பட்டை வழியாகச் சூடு வெளியேறுவதாலும் ஜன்னலிலேயே மிகக் குளிர்ந்த இடம் அதுதான். கடுங்குளிர் இரவுக்குப் பிறகு விரல் அகலத்துக்கு ஈரக்கோடு தெரிவது கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை. துடைத்த துணியை வீட்டுக்குள் காயப்போடாமல் பேசினில் பிழிந்துவிட்டு வெளியே போடுங்கள். சட்டத்தின் அடியில் நீர் வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும். தூசி அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்தி எடுங்கள். பத்து மணிக்குள் அந்தக் கோடு தானாகக் காய்ந்துவிட்டால் ஜன்னல் நன்றாகவே இருக்கிறது. மதியம் தாண்டியும் காயவில்லை என்றால் ஈரப்பதமானியைத் திரும்ப அந்த அறைக்குக் கொண்டுபோய் வையுங்கள்.